அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹிஸ்பானிக் ஆண்கள் அங்கேயே பிறந்த மகன்களைவிட அதிக காலம் வாழ்கிறார்களாம். மலேசியாவில் நம் தோட்டத்திலும் நடந்தது இதுதானா?

லயத்துப் பேரன் (சுங்கை சிப்புட்):

வணக்கம். நான் இன்சூரன்ஸ் வேலையில் இருக்கிறேன், யார் எந்த வயதில் போனார்கள் என்ற விவரம் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நாளாக அமெரிக்காவில் இருக்கும் ஹிஸ்பானிக் மக்களைப் பற்றி வாசித்து வருகிறேன், அதாவது மெக்சிகோ, எல் சல்வடோர், கியூபா மாதிரி ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து போனவர்களும் அவர்கள் வம்சாவளியும். வெள்ளைக்காரர்களோடு பார்த்தால் இவர்களுக்குச் சம்பளம் குறைவு, படிப்பு குறைவு, மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் நிறைய. இவர்கள் ஆயுள் குறைவாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் 2006ஆம் ஆண்டுக் கணக்கில் ஹிஸ்பானிக் ஆண்களின் சராசரி ஆயுள் 77.9 வருஷம், வெள்ளை ஆண்களுக்கு 75.6 தான்.

இன்னொன்றும் வாசித்தேன். இந்தக் கூடுதல் ஆயுள் பெரும்பாலும் வெளிநாட்டில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்குத்தான் கிடைக்கிறது, அங்கேயே பிறந்து ஆங்கிலம் பேசிப் பள்ளிக்கூடம் போய் அப்பாவைவிட நல்ல வேலையில் உட்கார்ந்த மகன்களிடம் அது கரைந்துபோகிறது. அப்பா தக்காளித் தோட்டத்திலும் கட்டுமானத்திலும் முதுகு ஒடிய வேலை செய்தவர், மகன் ஏர்கோன் அறையில் இருப்பவர், ஆனாலும் இருதய நோயும் ரத்த அழுத்தமும் மகனுக்குத்தான் அதிகம்.

இதை வாசித்ததிலிருந்து மனசு நம் பக்கமே போகிறது. என் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர், 90ஐத் தாண்டித்தான் போனார். அப்பா இங்கேயே பிறந்தவர், 58 வயதில் மாரடைப்பு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அப்பா வயதுக்காரர்கள் வீட்டில் பாதிக்கு மேல் அம்மாக்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். நாட்டின் புள்ளிவிவரத்திலும் இந்திய ஆண்களின் ஆயுள்தான் மலாய்க்காரர், சீனர் எல்லாரையும்விடக் குறைவு என்று ஒவ்வொரு முறையும் வருகிறது.

அமெரிக்காவில் இதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள், நமக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். எனக்கு 39 வயது, இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், சும்மா பொழுதுபோக்குக்குக் கேட்கவில்லை.

---

பழைய தண்டல் (பீடோர்):

தம்பி, இதில் ஆராய்ச்சி என்ன வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து உடம்பு அது. விடியற்காலை பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுப்புக்கு) நின்று, நிரையில் 400, 500 மரம் வெட்டி, பால் வாளியைக் காண்டாவில் (தோள்கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர்கள். கஞ்சியும் கருவாடும், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் முருங்கைக்கீரை. அந்த ரத்தம் வேறு, இந்த ரத்தம் வேறு. மெக்சிகோக்காரனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

---

எண்ணும் எழுத்தும் (கோலாலம்பூர்):

ஐயா சொன்ன உழைப்பும் சாப்பாடும் சரி, ரத்தம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே ரத்தம்தானே ஐயா. 30 வருஷத்தில் மரபணு மாறாது. அப்பாவுக்கு ஒரு ஆயுள், மகனுக்கு வேறு ஆயுள் என்றால் இடையில் மாறியது வாழ்க்கை முறை, இல்லாவிட்டால் நாம் கணக்கெடுக்கும் விதத்தில் ஏதோ இருக்கிறது. அமெரிக்காவில் இந்த இரண்டையும் வைத்துத்தான் பல வருஷமாக வாதாடுகிறார்கள்.

1986இல் மார்கைடஸ், கோரீல் என்ற இருவர் இதை ஒரு புதிர் என்று முதலில் எழுதினார்கள். தென்மேற்கு மாநிலங்களில் இருந்த மெக்சிகோ வம்சாவளியினர் வறுமையில் கறுப்பின மக்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள், ஆனால் குழந்தை இறப்பு, ஆயுள், இருதய நோய் எல்லாவற்றிலும் வெள்ளையர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்புறம் 2010இல் எலிசபெத் அரியாஸ் அரசாங்கத்துக்காகப் போட்ட ஆயுள் அட்டவணையில்தான், பேரன் அண்ணன் சொன்ன அந்த 77.9 வருகிறது. மரணச் சான்றிதழில் இனம் தப்பாகப் பதிவாவதையும் அவர் சரிசெய்து பார்த்துவிட்டார், வித்தியாசம் போகவில்லை.

விளக்கம் என்று பார்த்தால், புறப்பட்டுப் போகிறவனே திடகாத்திரமானவன் என்பது முதலாவது. நெஞ்சுவலிக்காரன் பாலைவனம் தாண்டி வேலை தேடிப் போக மாட்டான். இதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். இன்றைக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் ஃபோமெமா மருத்துவப் பரிசோதனையில் பாஸ் ஆனால்தான் பெர்மிட், காசநோயோ வேறு பெரிய வியாதியோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி வடிகட்டி எடுத்த ஆட்களை நம் தாமானில் கிடக்கிற எல்லா ஆண்களோடும் ஒப்பிட்டால் அவர்கள் பக்கம்தான் தராசு சாயும்.

இன்னொன்று, திரும்பிப் போகிறவர்கள். சால்மன் மீன் பிறந்த ஆற்றுக்கே நீந்திப்போய்ச் சாகும் என்பதால் அந்தப் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். வயதாகி, நோய் முற்றி, மெக்சிகோவில் இருக்கும் சொந்த ஊருக்குப் போய் ஒருவர் இறந்தால் அந்த மரணம் அமெரிக்கக் கணக்கில் ஏறாது, ஏட்டில் அவர் இன்னும் உயிரோடுதான் இருப்பார். 1999இல் அப்ரைடோ லான்சாவும் மற்றவர்களும் இதை அழகாகச் சோதித்தார்கள். கியூபாக்காரர்கள் அரசியல் காரணமாகத் திரும்பிப் போக முடியாதவர்கள். போர்ட்டோ ரீக்கோ தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், அங்கே போய் இறந்தாலும் அமெரிக்கக் கணக்கில் வந்துவிடும். அப்படியிருந்தும் இந்த இரண்டு கூட்டத்திலும் வெள்ளையர்களைவிட இறப்பு குறைவாகவே வந்தது. ஆகவே திரும்பிப் போவது மட்டும் காரணம் இல்லை என்றார்கள். 2004இல் பலோனியும் அரியாஸும் மறுபடி கணக்குப் போட்டு, கியூபா, போர்ட்டோ ரீக்கோக்காரர்களுக்கு அப்படியொரு அனுகூலமே தெரியவில்லை, மெக்சிகோக்காரர்களுக்கு இருப்பதைத் திரும்பிப் போவதை வைத்தே விளக்கிவிடலாம் என்றார்கள். 2008இல் டுரா, ஈலோ இருவரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, திரும்பிப் போவது உண்மைதான், ஆனால் முழு வித்தியாசத்தையும் விளக்குகிற அளவுக்கு அது பெரிதில்லை என்று முடித்தார்கள். எனக்கு இந்தக் கடைசி முடிவுதான் சரியாகப் படுகிறது.

ஆண்களுக்கு இதைவிட முக்கியமான காரணம் சிகரெட். குடியேறிய ஹிஸ்பானிக் ஆண்கள் குறைவாகப் பிடிக்கிறார்கள், பிடிப்பவர்களும் ஒரு நாளைக்குச் சில என்ற அளவில் நிற்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்குப்படி, 50 வயதுக்கு மேல் ஹிஸ்பானிக் மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் உள்ள ஆயுள் வித்தியாசத்தில் பெரும் பங்கைப் புகையிலை ஒன்றாலேயே விளக்கிவிடலாம். அங்கே பிறந்த மகன்களோ அமெரிக்கப் பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். 2015இல் அரசாங்கம் வெளியிட்ட அறிக்கையில், குடியேறியவர்களைவிட அங்கே பிறந்த ஹிஸ்பானிக் மக்களிடம் புகைபிடித்தல் 72 விழுக்காடு, உடல் பருமன் 30 விழுக்காடு, ரத்த அழுத்தம் 40 விழுக்காடு அதிகம்.

ஆகவே பேரன் அண்ணே, மகன் நல்ல வேலைக்குப் போனதால் சீக்கிரம் சாகிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு இல்லாத சிகரெட்டும் எடையும் அவனிடம் சேர்ந்துவிட்டன, அப்பாவுக்கு இருந்த வடிகட்டல் அவனுக்கு நடக்கவில்லை.

---

செம்பருத்தி (தஞ்சோங் மாலிம்):

நல்ல விளக்கம். ஆனால் தாத்தாக்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று விட்டுப்போகிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

90 வயது தாத்தா நமக்கு ஞாபகம் இருக்கிறார், ஏனென்றால் அவர் 90 வரை நம்மோடு இருந்தார். அவரோடு ஒரே கப்பலில் பினாங்கில் இறங்கி, முதல் வருஷமே மலேரியாவில் போனவரை யாருக்கு ஞாபகம்? காட்டை அழித்து ரப்பர் போட்ட ஆரம்ப காலத்தில் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்த பிறகுதான் கொசுவைக் கட்டுப்படுத்தலாம் என்றே இங்கே நம்பிக்கை வந்தது. அப்புறம் ஜப்பான்காரன் காலம். 1942, 43இல் அவன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. கொண்டுபோனது யாரை? வேலை செய்யக்கூடிய ஆண்களைத்தான். எங்கள் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர், அவருக்குக் கல்லறையும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை.

இத்தனைக்கும் தப்பி எண்பதுகளில் நாம் பார்த்த தாத்தாக்கள், பல சல்லடையில் சலித்து மேலே நின்றவர்கள். அவர்களை வைத்து அந்தத் தலைமுறையே நீண்ட ஆயுள் என்று சொன்னால், காட்டில் புதைத்தவர்களுக்கு அநியாயம்.

சால்மன் கதையும் நமக்கு உண்டு. 1930களின் மந்தநிலையில் வேலையில்லை என்று ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள். அந்தக் கால இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்தே, உழைக்க முடியாத வயதானவர்களையும் நோயாளிகளையும் திருப்பி அனுப்பப் பணம் கொடுத்திருக்கிறார்கள். 1969க்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வந்தபோதும் பெரிய கூட்டம் போனது. அவர்கள் திருச்சியிலும் நாமக்கல்லிலும் இறந்திருப்பார்கள், மலேசியக் கணக்கில் வர மாட்டார்கள்.

இதனால் பேரன் தம்பியின் கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. உங்கள் அப்பா 58இல் போனது உண்மை, பக்கத்து வீடுகளும் உண்மை. தாத்தாவைக் காட்டி அப்பாவை அளக்க வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. இதே வயது சீன ஆண் எத்தனை வரை வாழ்கிறான் என்று பாருங்கள், அதுதான் நமக்குச் சரியான அளவுகோல்.

---

பழைய தண்டல் (பீடோர்):

சயாமுக்குப் போனவர்களைப் பற்றிச் சொன்னது மனசை என்னவோ செய்துவிட்டது. என் அப்பாவின் தம்பியும் போனவர்தான். தங்கச்சி சொல்வது நியாயம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லயத்தில் இருந்தபோது ஒருவன் இரண்டு நாள் பெரட்டுக்கு வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீட்டுக்கே வந்து நிற்பார். தோட்டத்தை விற்று ஆளாளுக்கு ஒரு பக்கம் போன பிறகு, மலிவு வீட்டு ஐந்தாவது மாடியில் ஒருவன் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரிகிறது? இதற்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் இல்லையா?

---

எண்ணும் எழுத்தும் (கோலாலம்பூர்):

இருக்கிறது ஐயா. தென்மேற்கு மாநிலங்களில் 65 வயதுக்கு மேற்பட்ட மெக்சிகோ வம்சாவளியினரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தங்கள் ஆட்களே நெருக்கமாக வாழும் பகுதியில் இருந்த முதியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது, அந்தப் பகுதிகள் ஏழைப் பகுதிகளாக இருந்தும்கூட. பேச்சுத்துணை, பழைய சாப்பாடு, ஆளுக்கு ஆள் விசாரிப்பது எல்லாம் சேர்ந்துதான் என்று நினைக்கிறார்கள்.

செம்பருத்தி அக்கா சொன்ன சல்லடை விஷயத்தை நான் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அவர் எனக்குமேல் எழுதிவிட்டார். கூட ஒன்று. குடியேறியவன் உடம்பு இரும்பு என்று நினைத்து அவனை ஆபத்தான வேலைக்குத் தள்ளுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் வேலையிடத்து விபத்தில் இறக்கும் ஹிஸ்பானிக் தொழிலாளர்களில் பெரும்பான்மை வெளிநாட்டில் பிறந்தவர்கள், கூரையிலிருந்து விழுவது, வயலில் வெயில் தாக்குவது மாதிரி. கோவிட் வந்த 2020இல் ஹிஸ்பானிக் மக்களின் ஆயுள் ஒரே வருஷத்தில் சுமார் 4 வருஷம் விழுந்தது, வெள்ளையர்களுக்கு விழுந்தது அதில் பாதிகூட இல்லை. இறைச்சித் தொழிற்சாலையிலும் பண்ணையிலும் நெருக்கி நின்று வேலை செய்தவர்கள், வீட்டில் பத்துப் பேர் தங்கியவர்கள். நீரிழிவிலும் கல்லீரல் நோயிலும் அவர்கள் எப்போதுமே வெள்ளையர்களைவிட அதிகமாகத்தான் இறக்கிறார்கள். ஆயுள் கூடுதல் என்ற ஒரு எண் இதையெல்லாம் மறைத்துவிடக் கூடாது.

---

மிஸ்ஸி அக்கா (பேராக்):

நான் அரசாங்க கிளினிக்கில் நீரிழிவுப் பிரிவில் பல வருஷமாக இருக்கிறேன். அமெரிக்கா எனக்குத் தெரியாது, நம் ஆண்களைத் தெரியும்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் 31.4. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் எப்படி இருப்பார் என்று சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்தவர், 50 வயது, இப்போது தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி. ராத்திரி 7 மணியிலிருந்து காலை 7 வரை நாற்காலி. பக்கத்தில் ஆணியில் பிளாஸ்டிக் பையில் கட்டின தே ஆயிஸ் (ஐஸ் போட்ட டீ) தொங்கும், அடியில் டின் பால் வெள்ளையாகத் தங்கியிருக்கும், அது தீர்ந்தால் இன்னொன்று. 3 மணிக்குத் தூக்கம் வரக் கூடாது என்று சிகரெட். காலையில் வரும் வழியில் ரொட்டி சானாய் இரண்டு, அப்புறம் திரை போட்டுத் தூக்கம். அவருக்கு எங்கள் அப்பாயின்மென்ட் காலை 8 மணிக்கு! எப்படி வருவார்? வர மாட்டார். மாத்திரை தீர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும், காலில் புண் வந்து மனைவி இழுத்துக்கொண்டு வரும்போதுதான் பார்ப்போம்.

அவருடைய அப்பா சாப்பிட்ட சோறும் கொஞ்சமில்லை, தட்டு நிறைய சாப்பிட்டவர்தான். ஆனால் அதை மத்தியானத்துக்குள் மலையேறி எரித்துவிட்டார். மகன் அதே தட்டை வைத்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிறார்.

குடியையும் சொல்ல வேண்டும், யாரும் கோபப்பட வேண்டாம். முன்பு கள்ளுக்கடை தோட்டத்துக்கு உள்ளேயே இருந்தது, அப்புறம் சம்சு என்ற சாராயம் வந்தது, இப்போது மலிவுச் சாராயப் பாட்டில். ஈரல் வீங்கி வருகிறவர்களில் நம் ஆண்களை நான் அதிகம் பார்க்கிறேன், மனைவிக்கு எல்லாம் தெரியும், டாக்டர் கேட்டால் கணவர் எப்போதாவதுதான் குடிப்பேன் என்பார்.

பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் பிள்ளை பெறும்போதே கிளினிக்கோடு பழக்கமாகிவிடுகிறது, கார்டு, ரத்தப் பரிசோதனை, மிஸ்ஸி (நர்ஸ்) பேர் எல்லாம் தெரியும். ஆணுக்கு 45 வயது வரை கிளினிக் வாசலே தெரியாது. ஆண் பெண் ஆயுள் வித்தியாசத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

---

லயத்துப் பேரன் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் நன்றி. செம்பருத்தி அக்கா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். தாத்தாவின் அண்ணன் ஒருவர் வந்த வருஷமே இறந்ததாக வீட்டில் சொல்வார்கள், அவரை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்ததே இல்லை.

மிஸ்ஸி அக்கா, என் சித்தப்பா 54 வயது, லாரி ஓட்டுகிறார், நீங்கள் சொன்ன ஆள் மாதிரியேதான். ஒரு தடவைகூட ரத்தம் எடுத்தது கிடையாது. கிளினிக் என்றால் அரை நாள் போய்விடும் என்கிறார். அவரை எப்படிக் கொண்டுவருவது? நானும் எடுக்க வேண்டுமா, எனக்கு ஒன்றும் தொந்தரவு இல்லை.

---

மிஸ்ஸி அக்கா (பேராக்):

தம்பி, அப்பா 58இல் போயிருக்கிறார், நீங்களும் எடுக்கத்தான் வேண்டும். தொந்தரவு தெரிகிற வரை காத்திருக்காதீர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. இடுப்பை டேப்பால் அளந்து பாருங்கள், நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது.

சித்தப்பாவுக்கு அரசாங்க உதவித்தொகை வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், 40 வயதுக்கு மேல் என்பதால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக முழுப் பரிசோதனை செய்யலாம், மனைவிக்கும் உண்டு. பதிவுசெய்த தனியார் கிளினிக்கிலேயே நடக்கும், சிலது சனிக்கிழமையும் திறந்திருக்கும், அதனால் அரை நாள் லோடு போகாது. அது இல்லையென்றால் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்கிற பரிசோதனைக்குப் பட்டினி வேண்டாம், ராத்திரி ஓட்டி முடித்து வருகிறவர் சாப்பிட்டுவிட்டே வரலாம், கொழுப்பு பார்ப்பதற்கு மட்டும் எப்படி வர வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சிகரெட்டை விட அவருக்கு ஆசை இருந்தால் அதற்கும் எம்குவிட் என்று தனிப் பிரிவு இருக்கிறது.

வா என்று சொன்னால் வர மாட்டார். உங்களுக்கு எடுக்கப் போகிறேன், துணைக்கு வாங்க சித்தப்பா என்று கூப்பிடுங்கள், நம் ஆண்கள் அதற்கு வந்துவிடுவார்கள். அங்கே வந்த பிறகு அவர் கையையும் நீட்ட வைப்பது எங்கள் வேலை.